நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் இருந்த பாட்டிமாரைப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

தோட்டத்துப் பிள்ளை

எங்கள் ரப்பர்த் தோட்டம் மலேசியாவின் பேராக்கில். லயத்தின், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின், கடைசி வீட்டில் இருந்தவரை எல்லோரும் 'பட்டாளத்துப் பாட்டி' என்பார்கள். ஏன் அந்தப் பெயர் என்று நான் கேட்டதே இல்லை. ஐந்தாம் ஆண்டு படிக்கும்போது, பள்ளி விளையாட்டுப் போட்டிக்காகத் திடலில் அணிவகுப்புப் பழகிக்கொண்டிருந்தோம். வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பாட்டி எழுந்து வந்து என் தோளைப் பின்னால் இழுத்தார். "முட்டி மடங்காம கைய வீசு. கண்ணு கீழ போகக் கூடாது." அப்புறம் "ஏக், தோ, ஏக்" என்று ஒரு குரல் கொடுத்தார். ஆறு பிள்ளைகளும் நேராகிவிட்டோம்.

அன்று சாயங்காலம்தான் சொன்னார். ஜப்பான்காரன் காலத்தில், 1943-இல், நேதாஜி சிங்கப்பூரில் பெண்களுக்கென்று ஜான்சி ராணிப் படையைத் தொடங்கினார். சென்னையில் மருத்துவம் படித்து, சிங்கப்பூரில் டாக்டராக இருந்த லட்சுமி அதன் தலைவி. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். ரப்பர்த் தோட்டங்களிலிருந்து போனவர்கள் நிறையப் பேர். இந்தியாவைக் கண்ணால் பார்க்காதவர்களும் அதில் இருந்தார்கள். பாட்டியும் அப்படித்தான். "துப்பாக்கி கனக்கலையா?" என்று கேட்டேன். "பால் வாளி தூக்குன கைதானே" என்றார். கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டதும் முகாமில்தானாம்.

பர்மா வரை போயிருக்கிறார். 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டுப் பின்வாங்கியபோது, பகலில் விமானத்துக்குப் பயந்து ஒளிந்து, இரவில் நடந்திருக்கிறார்கள். நேதாஜியும் கூடவே நடந்தாராம். அதைச் சொல்லும்போது மட்டும் பாட்டியின் குரல் இறங்கியது. வீடு திரும்பிய மறுவாரமே பழைய ரப்பர் மர வரிசைக்கே பால் வெட்டப் போய்விட்டார். வெள்ளைக்காரன் திரும்பி வந்துவிட்டான் என்று அவருடைய அம்மா சீருடையையும் தாள்களையும் அடுப்பில் போட்டுவிட்டார்.

கேப்டன் லட்சுமியின் பெயர் நமக்குத் தெரியும். அதே படையில் இருந்த கோலாலம்பூர் ஜானகி ஆதி நாகப்பனுக்கு 2000-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இருவருக்கும் எவ்வளவு மரியாதை செய்தாலும் தகும். ஆனால் தாள் எரிந்துபோனவர்களை யார் கூப்பிடுவார்கள்? அதனால்தான் கேட்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள்.

சிரம்பான் மருமகள்

என் கணவருடைய பாட்டியும் அந்தப் படையில் இருந்தவர். கல்யாணம் பேசும்போது அதை மறைத்துவிட்டார்கள். ஆம்பளைகள் மாதிரி கால்சட்டை போட்டு, முடியை வெட்டிக்கொண்டு போன பெண்ணை யார் கட்டுவார்கள் என்ற பயம். வீட்டில் மாரியம்மன் படச் சட்டத்தை மாற்றக் கழற்றியபோது, பின்னால் ஒரு சின்னப் போட்டோ. தொப்பி போட்ட பெண்கள் நான்கு பேர். தாத்தா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இதுல நீ எது?" என்று மட்டும் கேட்டாராம். மறுநாள் அந்தப் போட்டோவுக்கும் ஒரு சட்டம் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். அது இன்னும் எங்கள் ஹாலில் இருக்கிறது.

சிங்கப்பூர் வாசகர்

2009-இல் தெரிந்தவர் ஒருவருடைய அம்மாவை வாட்டர்லூ ஸ்திரீட் கிருஷ்ணன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கும்பிட்டுவிட்டு வெளியே வந்ததும், கொஞ்சம் நில்லுப்பா என்றார். கால் வலிக்கிறது போல என்று நினைத்தேன். 1943 அக்டோபர் 22-இல் முகாம் திறந்தது இந்தத் தெருவில்தான் என்று அப்போதுதான் சொன்னார். வரிசையில் தனக்கு வலப்பக்கம் நின்றவள், அவளுக்கு அடுத்தவள் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒன்பதாவது பெயர் மட்டும் வரவில்லை. "நல்லாப் பாடுவா, பேர்தான் வரமாட்டேங்குது" என்று அங்கேயே நின்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. டாக்சி வந்தும் ஏறவில்லை.

வீட்டுக்குப் போய் இரவு பத்து மணிக்குப் போன் செய்து அந்தப் பெயரைச் சொன்னார். எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அவருடைய மகளிடம் கேட்டுவிட்டு இங்கே போடுகிறேன்.