பழைய டாடா ஏஸ், கையில் 45,000 ரூபாய்: எந்த வேலையை முதலில் செய்வது?

கேள்வி: அணைக்கட்டு விவசாயி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்துக் கத்திரிக்காயை வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்குக் கொண்டு சேர்க்க இதுவரை வாடகை வண்டியையே நம்பியிருந்தோம். வாடகை போக மூட்டைக்கு மிஞ்சுவது மிகக் குறைவாக இருப்பதால், 2010ஆம் ஆண்டு டாடா ஏஸ் (குட்டி யானை) ஒன்றை 85,000 ரூபாய்க்குப் பேசி முன்பணம் கொடுத்திருக்கிறேன். அதைச் சீர்செய்யக் கையில் இருப்பது 45,000 ரூபாய். அதற்கு மேல் வட்டிக்கு வாங்க மனமில்லை.

பாரம் ஏற்றி நெடுஞ்சாலையில் ஏறினால் சிறிது நேரத்திலேயே வெப்பமுள் சிவப்பைத் தொடுகிறது. பிரேக்கை இரண்டு முறை மிதித்தால்தான் பிடிக்கிறது. ஸ்டியரிங்கில் ஆட்டம் இருக்கிறது. பின்தொட்டியின் தரைத்தகடு துருவேறி ஓட்டை விழுந்திருக்கிறது. பட்டறையில் இன்ஜினை முழுதாகப் பிரிக்க வேண்டும் என்கிறார்கள். வீட்டிலோ முதலில் பெயின்ட் அடித்துவிடு என்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி: குடியாத்தம் மெக்கானிக்

தம்பி, பணம் குறைவாக இருக்கும்போது வண்டி நிற்பதற்கும் திரும்புவதற்கும் முதலில் செலவழியுங்கள். ஓடுவதற்கான செலவு அதற்குப் பிறகுதான். பெயின்ட்டை இந்த ஆண்டுக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

இரண்டாம் மிதியில் பிரேக் பிடிக்கிறது என்றால், குழாயில் காற்று புகுந்திருக்க வேண்டும், அல்லது பின்சக்கர டிரம்முக்குள் உராய்ந்து பிடிக்கும் லைனர் தேய்ந்து இடைவெளி கூடியிருக்க வேண்டும். வண்டியை நிறுத்தி வைத்துப் பெடலை ஒரே அழுத்தமாக மிதித்துப் பிடியுங்கள். வெளியே எங்கும் கசிவு இல்லாமலே பெடல் மெல்லக் கீழே இறங்கினால் பெடல் அழுத்தத்தைப் பிரேக் ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரின் உட்புற ரப்பர் போய்விட்டது என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். பின் டிரம்களைக் கழற்றி சக்கரத்தில் உள்ள வீல் சிலிண்டரில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது என்பதால், பழையதை முழுவதும் வெளியேற்றிவிட்டு, பிரேக் ஆயில் தொட்டியின் மூடியில் எழுதியிருக்கும் தரத்திலேயே புதியதை ஊற்ற வேண்டும். பிரேக் பாகங்களை டீசலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவ யாரையும் அனுமதிக்காதீர்கள். ரப்பர் ஊதிக் கெட்டு, நட்டநடுச் சாலையில் பிரேக் கைவிட்டுவிடும்.

ஸ்டியரிங்குக்கு, முன்சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு முனைகளைச் சந்தேகிக்கலாம். மேலும் கீழுமாகப் பிடித்தபோது ஆடினால் பேரிங் பக்கம் பார்க்க வேண்டும். கதவு, இருக்கை, கண்ணாடி, விளக்குக் கூடு ஆகியவற்றைச் சென்னை புதுப்பேட்டையிலோ உள்ளூர்ப் பழைய இரும்புக் கடையிலோ தாராளமாக வாங்கலாம். பிரேக்கும் ஸ்டியரிங்கும் சார்ந்த எந்தப் பொருளையும் பழையதாக வாங்க வேண்டாம்.

இன்ஜினைப் பிரிக்கும் முன், அது ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். புகை குபுகுபுவென்று அழுத்தத்தோடு வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தாலும், குளிர்ந்த இன்ஜினை ஓடவிட்டதும் ரேடியேட்டர் வாயில் விடாமல் குமிழி வந்தாலும் இன்ஜின் தலைப்பகுதிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கட்டைப் பார்க்க வேண்டும். சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. இவை எதுவும் இல்லையென்றால் எதற்காகப் பிரிக்க வேண்டும் என்று பட்டறையில் காரணம் கேளுங்கள்.

மறுமொழி: ராணிப்பேட்டை வண்டி உரிமையாளர்

மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் காகிதங்களைப் பாருங்கள். எட்டு ஆண்டைக் கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எப்.சி. என்னும் தகுதிச் சான்று எடுத்தாக வேண்டும், வண்டியின் வயது ஏற ஏறக் கட்டணமும் ஏறுகிறது. அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு எப்.சி., வரி, காப்பீடு ஆகியவை எதுவரை செல்லும் என்றும், அபராதம் ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்றும் தெரிந்துகொள்ளுங்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவரின் கையொப்பம் வேண்டும், ஆர்.சி. என்னும் பதிவுச் சான்றில் கடன் குறிப்பு இருந்தால் நிதி நிறுவனம் கொடுக்கும் படிவம் 35ம் வேண்டும். இந்தச் செலவுகளை 45,000 ரூபாயிலிருந்து முதலிலேயே எடுத்து வைத்துவிட்டு, எஞ்சியதைத்தான் பட்டறைக் கணக்காகக் கொள்ளுங்கள்.

மறுமொழி: ஆம்பூர் ஓட்டுநர்

என் கருத்து சற்று வேறு. இவ்வளவு பழைய வண்டியில் இன்றில்லாவிட்டால் நாளை இன்ஜின் வேலை வரத்தான் செய்யும். ஓடிய இன்ஜின் ஒன்றை வாங்கி மாற்றிவிட்டால் சில ஆண்டுகள் கவலையில்லாமல் ஓட்டலாமே?

மறுமொழி: குடியாத்தம் மெக்கானிக்

அண்ணா, வாங்கும் இன்ஜின் எப்படி ஓடியது என்று யாருக்கும் தெரியாது. இன்ஜின் எண் மாறினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆர்.சி.யில் பதிய வேண்டும், பதியாவிட்டால் எப்.சி.யில் சிக்கல் வரும். இவர் கையில் உள்ள பணத்துக்கு அது பொருந்தாது என்றே நினைக்கிறேன்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. காகிதங்கள் சரியாக இருந்ததால் வண்டியை எடுத்துவிட்டேன். ஆயில் மூடியைத் திறந்தபோது லேசான ஆவி மட்டுமே வந்தது; ஆயிலின் நிறமும் சரியாக இருக்கிறது. குமிழியும் இல்லை. ரேடியேட்டருக்குள் மட்டும் செந்நிற நீரும் வெள்ளைப் படிவும் இருக்கின்றன. பழைய உரிமையாளர் போர்வெல் நீரைத்தான் ஊற்றி வந்தாராம்.

மறுமொழி: குடியாத்தம் மெக்கானிக்

அப்படியானால் இன்ஜினைத் தொட வேண்டாம். நம் பக்கத்துப் போர்வெல் நீர் பெரும்பாலும் உப்பும் கடினமும் மிகுந்தது. அது சூடாகும்போது சுண்ணாம்பாகக் குழாய்களில் படிந்து, வெப்பம் வெளியேற வழியில்லாமல் அடைத்துவிடுகிறது. பித்தளை ரேடியேட்டர் என்றால் மேல்தொட்டியைப் பிரித்துக் கம்பி விட்டுச் சுத்தம் செய்து ஈயம் வைத்துத் தருவார்கள். பிளாஸ்டிக் தொட்டி வைத்த அலுமினிய ரேடியேட்டர் என்றால் புதிதாக மாற்றுவதுதான் மலிவு. அழுத்த மூடியையும் சேர்த்து மாற்றுங்கள், ஏனென்றால் அதன் ஸ்பிரிங் தளர்ந்தால் நீர் உரிய வெப்பத்துக்கு முன்பே கொதிக்கும். சூட்டைக் குறைக்கிறேன் என்று இன்ஜின் வெப்பத்தைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிவார்கள், சம்மதிக்காதீர்கள். பிறகு காய்ச்சி வடித்த நீரில் கூலண்ட் கலந்து நிரப்புங்கள்.

பின்தொட்டியின் தரைக்கு, ஓட்டை விழுந்த பகுதியை மட்டும் வெட்டியெடுத்துப் புதிய தகடு வைத்தால் போதும். அதற்கு முன் அடியில் படுத்து, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸைச் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்ற ஒலி வராமல் மந்தமாகக் கேட்டாலோ துருச் செதிலாக உதிர்ந்தாலோ அந்த இடத்தைச் சேஸிஸ் வேலை தெரிந்தவரிடம் காட்டாமல் மேலே தகடு வைக்க வேண்டாம். வெல்டிங் தொடங்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். டீசல் தொட்டிக்கும் பிரேக் குழாய்க்கும் அருகில் பொறி விழாமல் மறைப்பு வைக்கச் சொல்லுங்கள்.

எல்லாம் முடிந்ததும் பாதிப் பாரத்தோடு ஓட்டி வெப்பமுள்ளைக் கவனித்துவிட்டு, பிறகு முழுப் பாரம் ஏற்றுங்கள். இந்த 702 சிசி இரட்டைச் சிலிண்டர் இன்ஜினின் திறன் 16 குதிரைத்திறன்தான். வண்டிக்கு நிர்ணயித்த பாரம் 750 கிலோ. காய் மிகுந்த நாளில் இரண்டு நடையாகப் போங்கள்.