ஃபுட்பால் ஆட்டக்காரர்களுக்கு இவ்வளவு சம்பளம் அநியாயம்தானே? மதுரைக்காரர்கள் வாங்க, பேசுவோம்

செல்லூர் விங்கர்:
நேற்று சாயங்காலம் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஒரு பையனைப் பார்த்தேன். ஒன்பதாவது படிப்பான் போல. வலது ஷூ வாயைப் பிளந்துவிட்டது. சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி மாட்டி இறுக்கியிருந்தான். அதோடு இடது ஓரத்தில் ரெண்டு பேரைக் கடந்துபோய் ஒரு கிராஸ் போட்டான். சென்டர் ஃபார்வர்டு தலையைக் காட்டியிருந்தால் கோல். (காட்டவில்லை, அது வேறு கதை.)

வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால் பிரேசில் ஆட்டக்காரர் நெய்மாரின் பழைய வீடியோ ஒன்று. 2017-இல் பாரிஸ் கிளப்பான பிஎஸ்ஜி அவரை வாங்கக் கொடுத்தது 22.2 கோடி யூரோ. நம்ம காசில் ஆயிரத்து ஐநூறு கோடிக்கும் மேல். அங்கே ஆயிரம் கோடி, இங்கே சைக்கிள் டியூப். இது நியாயம் என்று யாராவது சொல்வீர்களா? சொல்லுங்கள், கேட்கிறேன்.

கே.கே.நகர் கணக்கர்:
நான் சொல்கிறேன் தம்பி. முதலில் ஒரு திருத்தம். அந்த 22.2 கோடி நெய்மாரின் பைக்குள் போகவில்லை, அவர் அதுவரை ஆடிய பார்சிலோனா கிளப்புக்குப் போனது. ஆளை மாற்றிக்கொள்ளும் தொகை வேறு, சம்பளம் வேறு.

சம்பளத்துக்கு வருவோம். இங்கிலாந்தில் 1961 வரை உச்சவரம்பு இருந்தது. வாரம் 20 பவுண்டு, அதற்கு மேல் கொடுக்கக் கூடாது. அப்போதும் கூட்டம் வந்தது, டிக்கெட் விற்றது. அந்தக் காசு ஆடியவனுக்கு வரவில்லை, அவ்வளவுதான். வரம்பை எடுத்ததும் ஜானி ஹேய்ன்ஸ் வாரம் 100 பவுண்டு வாங்கினார். இன்றைக்கு பிரீமியர் லீகின் உள்நாட்டு டிவி உரிமை மட்டும் நாலு சீசனுக்கு 670 கோடி பவுண்டு. பார்க்க ஆள் இருக்கிறது, காசு கொட்டுகிறது. அதைச் சம்பாதித்துத் தரும் காலுக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பது?

மேலூர் டிஃபென்ஸ்:
கணக்கர் அண்ணே, கணக்கிலேயே ஒரு கேள்வி கேட்கிறேன். கிளப் தன் அகாடமியில் வளர்த்த பையனை விற்றால், வாங்கிய விலை பூஜ்யம் என்பதால் வந்த காசு முழுக்க லாபமாகக் கணக்கில் ஏறும். வெளியிலிருந்து வாங்கியவனை விற்றால் அப்படி ஏறாது. நஷ்டத்துக்கு வரம்பு போட்ட விதிக்குள் நிற்க வேண்டும் என்றால் எவனை விற்பார்கள்? சொந்தப் பையனைத்தான். லண்டன் கிளப்பான செல்சி 2023-இல் மேசன் மவுன்ட்டை விற்றது, 2024-இல் கேலகரை விற்றது. ரெண்டு பேரும் சின்ன வயதிலிருந்தே அங்கேயே வளர்ந்தவர்கள். வெளியாளுக்குக் கொட்டிக் கொடுத்த காசை ஈடுகட்ட வீட்டுப் பிள்ளையை விற்கிறார்கள். சம்பளம் அதிகமாவதும் இளசுகள் ஓரங்கட்டப்படுவதும் ஒரே கயிற்றின் ரெண்டு முனை.

கே.கே.நகர் கணக்கர்:
நல்ல பாயின்ட். ஆனால் மவுன்ட் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனார், கேலகர் ஸ்பெயினின் அட்லெட்டிகோ மாட்ரிட்டுக்கு. தெருவுக்குப் போகவில்லை. அதே ஊரில்தான் லமின் யமாலும் இருக்கிறார். அதே ஊர் என்றால் ஐரோப்பாவைச் சொல்கிறேன். 15 வயதில் பார்சிலோனா முதல் அணியில் இறக்கிவிட்டார்கள். திறமை இருந்தால் தூக்கிக்கொண்டு போவார்கள்.

ரிட்டயர்டு கீப்பர்:
கணக்கர் சார், ஒரு யமாலைக் காட்டி ஊரை மூடாதீர்கள்.

நான் எண்பதுகளில் ஆடியவன். அரசரடி ரயில்வே மைதானத்தில் விழுந்து விழுந்து தேய்ந்த முழங்கால் இது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைத்தது. அந்தக் காலத்தில் மெட்ராஸ் லீகில் இந்தியன் பேங்க், ஐசிஎஃப், கஸ்டம்ஸ் என்று ஆபீஸ் டீம்கள்தான். காலையில் பயிற்சி, பத்து மணிக்கு மேஜை. யாரும் கோடீஸ்வரன் ஆகவில்லை. ஆனால் ஆட்டம் முடிந்த பிறகும் சோறு இருந்தது. எனக்கு இன்றைக்கும் பென்ஷன் வருகிறது. முழங்கால் வலியும் வருகிறது, அது தனி.

இப்போதைய கதை என்ன? 2025 ஜூலையில் நாட்டின் பெரிய லீகான ஐஎஸ்எல் நிறுத்திவைப்பு என்று ஒரு அறிவிப்பு. அடுத்த மாதமே சில கிளப்புகள் சம்பளத்தை நிறுத்தின. கோடி வாங்கியவன் சமாளிப்பான். பத்தொன்பது வயதில் முதல் ஒப்பந்தம் போட்ட பையன்? நீங்கள் மார்க்கெட் மார்க்கெட் என்கிறீர்களே, இங்கிலாந்தில் 1885-இல் தொடங்கிய பரி கிளப்பை 2019-இல் பணமில்லை என்று லீகிலிருந்தே வெளியேற்றினார்கள். அதையும் மார்க்கெட்தான் செய்தது.

ஜிகர்தண்டா 9:
அலங்காநல்லூரில் அதிக மாடு பிடித்தவனுக்குக் கார் கொடுக்கிறோம். ஒருத்தனுக்கு எதற்கு இத்தனை லட்சம் என்று யாராவது கேட்கிறோமா? ஃபுட்பாலுக்கு மட்டும் ஏன் அழுகை?

மேலூர் டிஃபென்ஸ்:
தம்பி, வாடிவாசலில் போய் நின்று பார்த்திருக்கிறாயா? கார் ஒருத்தனுக்குத்தான். ஆனால் ஒரே ஒரு மாட்டைப் பிடித்தவன்கூட அண்டாவோ கட்டிலோ தூக்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவான். பிடிபடாத மாட்டுக்காரருக்கும் பரிசு உண்டு. ஃபுட்பாலில் காருக்குக் கீழே அண்டாவே இல்லை என்பதுதான் என் புகார். நீ சொன்ன உதாரணம் எங்கள் பக்கம் வந்துவிட்டது, நன்றி.

செல்லூர் விங்கர்:
😂 அண்டா!

பி.டி. டீச்சர், திருமங்கலம்:
ஆண்கள் எல்லாரும் சேர்ந்து ஆண்கள் சம்பளத்தையே பேசுகிறீர்கள். நம்ம மதுரையைச் சேர்ந்த சேது எஃப்சி 2018-19 இந்திய மகளிர் லீகில் கோப்பையை வென்றது. ஃபைனலில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று அடித்தார்கள். ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த வருஷம் பஸ் ஸ்டாண்டில் ஒரு போஸ்டர்கூட என் கண்ணில் படவில்லை. இந்தியாவுக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் போலீஸில் எஸ்ஐ. யூனிஃபார்ம்தான் அவருக்குச் சோறு போடுகிறது. எங்கள் பக்கத்தில் 'அதிகச் சம்பளம்' என்ற பிரச்சினையே வரவில்லை, சார்.

இன்னொன்று. செல்லூர் தம்பி, ரொனால்டோ சம்பளத்தைப் பாதியாக்கினாலும் அந்தப் பையனுக்கு ஷூ வராது. அவருக்குச் சம்பளம் தரும் சவூதிக்காரர் பர்ஸில் மிச்சமாகும், அவ்வளவுதான். பையன் ஏன் கண்ணில் படவில்லை என்று கேளுங்கள். பதினாலு வருஷமாக டீம் கூட்டிக்கொண்டு போகிறவள் சொல்கிறேன். வயதுப் பிரிவு ஜனவரி 1-இல் தொடங்குகிறது. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு. பதிமூன்று வயதில் பதினோரு மாத வித்தியாசம் என்றால் நாலு விரல் உயரம், தோளில் ஒரு சுற்று. தேர்வு செய்பவர் கண் எங்கே போகும்? உலகம் முழுக்க அகாடமிகளில் வயதுப் பிரிவு தொடங்கும் மாதங்களில் பிறந்த பிள்ளைகள்தான் அதிகம். நம்ம ஊரில் அதோடு சர்டிபிகேட்டில் குறைத்துப் போட்ட வயதும் விளையாடும். மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்க்கிறார்கள் என்றால் சும்மாவா?

அதையும் தாண்டி வந்தவனைப் பத்தாம் வகுப்பு முழுங்கிவிடும். என்னிடம் நல்ல ஸ்டாப்பர் (தடுப்பாட்டக்காரன்) ஒருவன் இருந்தான், அவனைச் சொந்த அம்மாவே வந்து மைதானத்திலிருந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அவரைத் தப்பு சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மேலூர் டிஃபென்ஸ்:
டீச்சர் சொல்வது சரி. டிரையல்ஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சில வருஷம் முன்னால் ஒரு அகாடமிக்காரர்கள் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு டிரையல்ஸ் வைத்தார்கள். வெயிலில் நாலு மணி நேரம் உட்கார்ந்து, எனக்கு ஆடக் கிடைத்தது பத்து நிமிஷம். பந்து என் பக்கம் வந்தது ரெண்டு தடவை. தேர்ந்தெடுத்தவர் அதில் ஒரு தடவை போன் பேசிக்கொண்டிருந்தார். பஸ் செலவோடு அப்பாவின் ரெண்டு நாள் கூலி போனது.

விளைவைப் பாருங்கள். இந்திய அணியின் கேப்டன் சுனில் சேத்ரி 2024-இல் ஓய்வு பெற்றார், மறு வருஷமே நாற்பது வயதில் திரும்பக் கூப்பிட்டார்கள். நூற்று நாற்பது கோடிப் பேரில் கோல் அடிக்க ஆள் இல்லை! ஐஎஸ்எல் தொடங்கியபோது பதினொரு பேரில் ஆறு பேர் வரை வெளிநாட்டவர். முன்னால் நின்றவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். நம்ம பையன் ஸ்டிரைக்கராகப் பழக எங்கே போவான்? 2025 நவம்பரில் இந்தியா வங்கதேசத்திடம் 1-0 தோற்றபோது எனக்கு ஆச்சரியமே இல்லை.

கே.கே.நகர் கணக்கர்:
இதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இது சம்பளக் குற்றமில்லை. உச்சியில் இருக்கும் காசு கீழே வர வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள், நாம்தான் மடையைத் திறக்கவில்லை. கேளுங்கள்.

ஃபிஃபா விதிப்படி, ஒப்பந்தத்தின் நடுவில் ஒருவர் விலைக்கு வேறு நாட்டுக் கிளப்புக்குப் போனால், அந்தத் தொகையில் 5 சதவீதம், 12 வயதிலிருந்து 23 வயது வரை அவரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தர வேண்டும். 12 முதல் 15 வரை ஒவ்வொரு வருஷத்துக்கும் மொத்தத் தொகையில் கால் சதவீதம், அதற்கு மேல் வருஷத்துக்கு அரை சதவீதம். செல்லூர் தம்பி திட்டிய அதே 22.2 கோடியில் ஐந்து சதவீதம் என்றால் 1.11 கோடி யூரோ. நெய்மாரைச் சின்ன வயதில் வளர்த்த பிரேசில் கிளப்பான சான்டோஸுக்கு அந்த விதிப்படி பங்கு உண்டு. விலை ஏற ஏறத்தான் பங்கும் ஏறும்.

இங்கே சிக்கல், பையன் எந்தெந்த வருஷம் எந்த கிளப்பில் ஆடினான் என்று பதிவு இருக்க வேண்டும். பதிவு இல்லாத டீம் பத்து வருஷம் வளர்த்தாலும் ஒரு பைசா கேட்க முடியாது. ரேஸ்கோர்ஸில் அந்தப் பையன் யாருடைய டீம்? பதிவு இருக்கிறதா?

ரிட்டயர்டு கீப்பர்:
இடது ஓரம், குச்சி மாதிரி கால், சைக்கிள் டியூப். நம்ம பையன்தான். நவம்பரில் பிறந்தவன், டீச்சருக்குத் தகவல்.

பதிவா? எங்கள் டீமுக்குப் பெயரே போன வருஷம்தான் வைத்தோம். ஆறு மணிக்குப் போனால் ஏழரைக்கு நடைப்பயிற்சிக்காரர்கள் முறைக்க ஆரம்பிப்பார்கள், அதற்குள் பந்தைச் சுருட்ட வேண்டும். இதில் படிவம் யார் நிரப்புவது?

கே.கே.நகர் கணக்கர்:
நான் நிரப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா?

ரிட்டயர்டு கீப்பர்:
வாருங்கள். ஆனால் நெய்மாருக்குக் கொடுப்பது அதிகம் என்பதில் நான் மாறமாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

செல்லூர் விங்கர்:
சார், ஷூ சைஸ் கேட்டுச் சொல்லுங்கள். நான் வாங்கி வருகிறேன்.

ரிட்டயர்டு கீப்பர்:
வேண்டாம்ப்பா. போன மாதம்தான் புது ஷூ வாங்கிக் கொடுத்தேன். டோர்னமென்ட்டுக்கு மட்டும்தான் போடுவானாம். டப்பாவோடு பீரோ மேலே வைத்திருக்கிறான்.