ஊரிலிருந்து கொண்டுவந்த கால்குலேட்டர் தேர்வு அறைக்குள் வருமா?

வெளிநாட்டில் பொறியியல் படிக்க இந்த மாதம் கிளம்புகிறவர்களுக்கும், புதிதாக வந்து இறங்கியவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். சிம் கார்டு, வங்கிக் கணக்கு, வாடகை வீடு பற்றி நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். கால்குலேட்டர் பற்றி யாரும் பேசுவதில்லை. முதல் தேர்வு அன்று அறை வாசலில் வைத்துத்தான் பலருக்கு விஷயமே தெரிகிறது. நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் இதனால் பதறிப்போவதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

நம் ஊரில் கணக்கு எளிது. பிளஸ் டூ வரை லாக் டேபிள், கல்லூரியில் சேர்ந்ததும் காசியோ 991. புரோகிராம் எழுத முடியாத சயின்டிஃபிக் கால்குலேட்டராக இருந்தால் பொதுவாக யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். வெளியே வந்தால் அப்படி இல்லை. நாட்டுக்கு ஒரு விதி என்றும் கிடையாது. பல்கலைக்கழகத்துக்கு ஒன்று, துறைக்கு ஒன்று, சில இடங்களில் பேப்பருக்குப் பேப்பர் வேறு.

கேம்பிரிட்ஜில் காசியோ 991, 115, 570 வரிசைகளை அனுமதிக்கிறார்கள். அதிலும் பல்கலைக்கழகத்தின் ஒப்புதல் ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும். மெல்போர்னில் பொறியியல் பாடங்களுக்கு வழக்கமாகச் சொல்வது காசியோ 82 மட்டும். அதாவது நம் பிள்ளைகள் எல்லோரிடமும் இருக்கும் 991 அங்கே செல்லாது. டொரன்டோ பொறியியல் பீடத்தில் வினாத்தாளின் முகப்பிலேயே கால்குலேட்டர் வகைக்கு ஓர் எண் போட்டிருப்பார்கள்; அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் பெரும்பாலும் பேராசிரியர் சொல்வதுதான் சட்டம். முதல் வகுப்பில் தரும் சிலபஸில் ஒரு வரியில் எழுதியிருப்பார், அதைத் தேடிப் படியுங்கள். படிப்பு முடிக்கும் சமயத்தில் பலர் எழுதும் எஃப்ஈ (FE, பொறியாளர் உரிமத்துக்கான முதல் படி) தேர்வுக்கு மட்டும் நாடு முழுக்க ஒரே பட்டியல்: காசியோவில் பெயரில் 115 அல்லது 991 உள்ளவை, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் 30எக்ஸ், 36எக்ஸ் வரிசைகள், எச்பியில் 33எஸ், 35எஸ். கேம்பிரிட்ஜ் ஏற்கும் 570 இதில் இல்லை. நம் ஊர்க் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும் 100 எம்எஸ்ஸும் இல்லை. அதனால் 'சயின்டிஃபிக்தானே' என்று நினைக்காமல் மாடல் எண்ணைக் கடைசி எழுத்து வரை பாருங்கள்.

ஜெர்மனி போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அங்கே கணிதப் பேப்பர்கள் பலவற்றில் கால்குலேட்டரே கிடையாது. அதற்குப் பதிலாகக் கையால் எழுதிய ஒரு ஏ4 தாளை உள்ளே கொண்டுபோகவிடும் பாடங்கள் உண்டு. அந்தத் தாளைத் தயாரிப்பதே பாதிப் படிப்பு என்பேன். இன்னொன்று, அங்கே 2,5 என்றால் இரண்டரை, 10.000 என்றால் பத்தாயிரம். வினாத்தாளில் முதல்முறை பார்க்கும்போது கண் தடுமாறும்.

82 மட்டும்தான் என்று சொன்னால் எலக்ட்ரிக்கல் பிள்ளைகள்தான் அதிகம் கலங்குகிறார்கள், அதில் காம்ப்ளெக்ஸ் மோடு (கலப்பெண் கணக்கு போடும் வசதி) இல்லையே என்று. கலங்க வேண்டாம். போல் (Pol), ரெக் (Rec) என்ற இரண்டும் அதில் இருக்கின்றன. போல் கலப்பெண்ணை அளவும் கோணமுமாக மாற்றும், ரெக் அதைப் பழைய வடிவுக்குத் திருப்பும். இம்பீடன்ஸ் (மாறுமின் சுற்றில் மின்னோட்டத்துக்கு வரும் தடை) 3 + ஜே4 என்றால் போலில் 3, 4 கொடுங்கள். 5 என்றும் 53.13 டிகிரி என்றும் வரும். பெருக்கல் வகுத்தலை அந்த வடிவில் செய்துவிட்டு, கூட்ட வேண்டிய இடத்தில் ரெக்கில் திருப்பிக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் டுட்டோரியல் கணக்குகளை இப்படியே போட்டால் விரல் தானாகப் பழகிவிடும். மேட்ரிக்ஸும் ஈக்வேஷன் சால்வரும் இல்லாமல் போவதும் அப்படித்தான். படிகளை எழுதினால்தான் மதிப்பெண் என்பதால், விடை மட்டும் வந்து பெரிதாகப் பிரயோஜனமில்லை.

அப்புறம் ரீசெட். உள்ளே நுழையும்போது கண்காணிப்பாளர் மெமரியை அழிக்கச் சொல்லலாம். 991 ஈஎஸ் பிளஸ்ஸில் ஷிஃப்ட், 9, 3, = அழுத்தினால் எல்லாம் அழியும். கூடவே கோண அளவு டிகிரிக்குத் திரும்பிவிடும்! வைப்ரேஷன், சிக்னல்ஸ் பேப்பருக்கு ரேடியன் வேண்டும். சைன் 2 போட்டுப் பாருங்கள்: 0.909 வந்தால் ரேடியன், 0.0349 வந்தால் டிகிரி. முதல் கேள்வியைத் தொடும் முன் இதைச் செய்துவிடுங்கள்.

கால்குலேட்டர் மூடியின் உட்பக்கம் கான்ஸ்டன்ட் பட்டியல் அச்சடித்திருக்கும். அதற்காகவே மூடியை வெளியே வைக்கச் சொல்லும் இடங்கள் உண்டு. உள்ளே எதையும் எழுதியும் வைக்காதீர்கள். அனுமதி இல்லாத கால்குலேட்டரோடு உட்காருவதைப் பிட் வைத்திருப்பதற்குச் சமமாகவே பல இடங்களில் பார்ப்பார்கள். 'எனக்குத் தெரியாது சார்' என்பது எடுபடாது. ஸ்டூடன்ட் விசாவில் இருக்கும் பிள்ளைக்கு அப்படி ஒரு விசாரணை எவ்வளவு பெரிய பாரம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் முதல் வாரத்திலேயே பாடப் பொறுப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். மாடல் எண்ணை முழுதாகக் குறிப்பிட்டு, இது இந்தப் பேப்பருக்குச் செல்லுமா, ஸ்டிக்கர் வேண்டுமென்றால் எங்கே வாங்குவது என்று கேளுங்கள். பதிலைப் பத்திரமாக வைத்திருங்கள். ஸ்டிக்கரையும் அப்போதே வாங்கிவிடுங்கள். தேர்வு வாரத்தில் அந்த அலுவலக வாசலில் கூட்டம் அலைமோதும்.

இன்னும் ஊரிலேயே இருக்கிறீர்களா? 991 ஒன்று, 82 ஒன்று, இரண்டையும் பெட்டியில் போடுங்கள். சேருமிடத்தில் எது செல்லும் என்று தெரிந்ததும் அதே மாடலில் இன்னொன்று வாங்கிக்கொள்ளுங்கள். தேர்வு நடுவே ஒன்று நின்றுபோனால் பக்கத்து மேசையில் கடன் கேட்க முடியாது.