திகில் கதைக்கு யோசனை தேவை (கொடைக்கானல், தாண்டிக்குடி நண்பர்கள் கவனிக்க)

வணக்கம். அக்கா மகன் ஒரு திகில் கதை எழுதி, திருத்தித் தரச் சொல்லியிருக்கிறான். தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டக் குடும்பம். தாத்தா இறந்ததும் பரணில் கிடந்த ஓலைச்சுவடியைப் பேரன் பிரிக்கிறான். மலைக்கு அடியில் உறங்கும் ஏதோ ஒன்றுக்கு ஏழு தலைமுறையாக ரகசியப் பூசை நடந்திருக்கிறது. பிறகு மின்னல், மை, எலுமிச்சம்பழம், காரணமே இல்லாமல் சிரிக்கும் மந்திரவாதி. எனக்குக் கொட்டாவிதான் வந்தது. இந்தக் கதைக்கு வேண்டியது பிரபஞ்சம் நம்மைப் பொருட்படுத்தவே இல்லை என்கிற அச்சம்; அது பில்லி சூனியத்தில் வராது. சூனியக்காரனுக்காவது நம்மேல் ஒரு கோபம் இருக்கிறதே!

மந்திரவாதியைத் துரத்திவிட்டு, தாத்தாவைக் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் பழைய ஊழியராக்கலாம் என்று நினைக்கிறேன். அங்கே 1901 முதல் சூரியனைக் கண்காணித்து வருகிறார்கள். சூரியனின் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை வானியலாளர் ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டதும் அங்கேதான். கண்ணாடித் தகடுகளில் பல பத்தாண்டுகளின் சூரியப் படங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒரே ஒரு நாளின் தகடு மட்டும் தாத்தா வீட்டுப் பரணில் இருந்தால்? அதில் என்ன தெரிந்தது என்பதைக் கதை சொல்லவே கூடாது. பையன் இதற்குச் சம்மதிப்பானா என்பது வேறு விஷயம்.

அத்தகைய பழைய தகடுகளைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எடை, நிறம், எப்படிச் சுற்றி வைப்பார்கள் என்று எழுதுங்கள். தாண்டிக்குடிக் கற்திட்டைகளை (கற்பலகைகளால் ஆன பழங்கால ஈமச் சின்னங்களை)ப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன கதைகளும் வேண்டும். பேய்க் கதைகள் போதுமான அளவு இருக்கின்றன, அவை வேண்டாம்.