கிக்பேக்: தமிழில் என்ன சொல்வது? (மேசை ரம்பம், கைக் கிரைண்டர் கையேடு, அவசரம்)

ச. (வியாழன் காலை)

குழுவினருக்கு வணக்கம்.

தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான பட்டறைப் பாதுகாப்புக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். மற்றச் சொற்கள் எல்லாம் ஒருவழியாக அமைந்துவிட்டன. ஒன்று மட்டும் பக்கத்துக்குப் பக்கம் வந்து நிற்கிறது: கிக்பேக்.

மேசை ரம்பத்தில் வட்டு கட்டையைக் கவ்வித் தள்ளுகிறவர் மேலேயே வீசுவது கிக்பேக். கைக் கிரைண்டரில் வட்டு இரும்பில் சிக்கி, மிஷின் கையிலிருந்து துள்ளுவதும் கிக்பேக். டிரில் பிட் தகட்டைத் துளைத்து வெளியே வரும் நேரத்தில் மாட்டிக்கொண்டு மணிக்கட்டை முறுக்கிவிடுவதையும் அதே பெயரில் சேர்த்திருக்கிறார்கள். மூன்றுக்கும் பொருந்தவேண்டும், சுவரில் ஒட்டும் எச்சரிக்கையிலும் எழுதும்படி இருக்கவேண்டும். 'பின்னுதைப்பு' என்று எழுதி வைத்திருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

கூடவே, ரம்ப வட்டுக்குப் பின்னால் நிற்கும் ரிவிங் நைஃப் என்ற தகட்டுக்கும் ஒரு பெயர் சொல்லுங்கள்.

நா. (வியாழன் மாலை)

அன்புள்ள ச. அவர்களுக்கு,

'உதை'யை விட்டுவிடுங்கள். தமிழில் இதற்கென்றே செய்து வைத்தது போல ஒரு வினை இருக்கிறது: எற்று. எற்றுதல் என்றால் உதைத்தல், எறிதல், மோதுதல். வட்டு உதைக்கிறது, கட்டையை எறிகிறது, அது ஆள் மேல் மோதுகிறது. மூன்றும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன.

செத்த சொல் என்று யாரும் சொல்லவேண்டாம். காற்று பேச்சில் காத்து ஆகிறது, நேற்று நேத்து ஆகிறது. அதே வழியில் எற்று 'எத்து' ஆகித் தெருவில் புழங்குகிறது: 'காலால் ஒரு எத்து எத்தினான்'. 'பின்' தனிக்குறிலை அடுத்த ஒற்றுடையது, அதன் மேல் உயிர் வந்தால் இரட்டிக்கும். ஆகப் பின்னெற்று. ஐந்தே எழுத்து. இதைவிடச் சிக்கனமாக எந்த மொழியிலும் முடியாது.

மு. (வியாழன் இரவு)

நா. ஐயாவுக்கு வணக்கம். நான் கோவைப் பக்கம் மரப்பட்டறை வைத்திருக்கிறேன். இலக்கணத்தில் உங்களோடு வாதாட எனக்குத் தகுதி இல்லை. பட்டறையில் என்ன சொல்கிறார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

கிக்பேக் என்ற சொல்லை எங்கள் பையன்கள் யாரும் சொல்வதில்லை. 'கட்டை அடிச்சிடும் பாத்து', 'மிஷின் தூக்கி அடிக்குது', 'எகிறுது' — இவ்வளவுதான். பழைய டீசல் இன்ஜினைக் கைப்பிடி போட்டுச் சுற்றும்போதும், புல்லட் கிக்கர் காலைத் திருப்பித் தாக்கும்போதும் 'ரிட்டர்ன் அடிக்கும்' என்போம். அடிப்பது, எகிறுவது. உதைப்பது கூடக் குறைவுதான்.

சொல்லை விடுங்கள், அது எப்படி நடக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் பெயர் வையுங்கள். 10 அங்குல வட்டு, நிமிடத்துக்கு 4000 சுற்று. பல்லின் நுனி மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. வட்டின் முன்பக்கப் பற்கள் கட்டையை மேசையை நோக்கி அமுக்கும், அதனால் பயமில்லை. பின்பக்கப் பற்கள்தான் மேலே ஏறி வருபவை. பிளைவுட் துண்டு வேலியை (கட்டையை ஒட்டித் தள்ளும் பக்கச் சட்டத்தை) விட்டு இம்மி விலகினால் போதும், அல்லது அறுத்த சந்து இறுகி வட்டைப் பிடித்தால் போதும். பின்பற்கள் கட்டையின் ஒரு மூலையைத் தூக்கும், வட்டின் தலைக்கு மேல் கொண்டுவரும், தள்ளுகிறவன் வயிற்று உயரத்துக்கு எறியும். கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது. அப்புறம் துண்டை எடுத்து அடிப்பக்கம் திருப்பிப் பாருங்கள், வில் மாதிரி வளைந்த ஒரு கீறல் இருக்கும். பல் இழுத்துக்கொண்டு போன தடம் அது. புதிதாக வரும் பையன்களுக்கு நான் முதலில் காட்டுவது அந்தக் கீறல் விழுந்த துண்டைத்தான்.

பின்னெற்று என்று சுவரில் எழுதினால் பையன் மிஷினை ஓட விட்டுவிட்டு என்னிடம் அர்த்தம் கேட்க வருவான். அது ஆபத்து.

வே. (வெள்ளி காலை)

மு. அண்ணன் சொன்னதில் இருந்தே என் ஐயம். மேசை ரம்பத்தில் பறப்பது கட்டை. கிரைண்டரில் பறப்பது கருவி. டிரில்லில் எதுவும் பறப்பதில்லை, மிஷினின் உடம்பு முறுக்குகிறது. ஆங்கிலத்தில் மூன்றையும் ஒரே பையில் போட்டுவிட்டார்கள் என்பதற்காக நாமும் போடவேண்டுமா? கட்டை வீச்சு, கருவித் துள்ளல், முறுக்குதை என்று மூன்று சொல் வைத்தால் தெளிவு கூடும்.

இன்னொன்று. 'பின்' என்பது யாருக்குப் பின்? கட்டை வருவது வேலை செய்கிறவரின் முன்பக்கமாக, அவர் நெஞ்சுக்கு நேராக. கிரைண்டரிலோ வட்டு எந்தப் பக்கம் சுழல்கிறது, எந்த இடத்தில் சிக்கியது என்பதைப் பொறுத்து ஆளை நோக்கியும் துள்ளும், எதிர்ப்பக்கமும் துள்ளும். 'பின்' என்று படித்த மாணவன் தன் முதுகுப் பக்கம் ஏதோ நடக்கும் என்று நினைத்தால் அது நம் குற்றம்.

இ. (வெள்ளி மதியம்)

வணக்கம். யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். பொழுதுபோக்காக மரவேலை செய்கிறவன், தொழில்காரன் அல்ல.

முதலில் ஒரு முறையீடு. ரம்பம் என்ற சொல்லைக் கையேட்டின் தலைப்பிலேயே போட்டுவிட்டீர்கள். எங்கள் பக்கம் மரம் அரிவது வாள். மரம் விற்கிற இடம் மரக்காலை. உங்கள் கையேட்டை எங்கள் பிள்ளைகளும் எடுத்துப் படிப்பார்கள், அடைப்புக்குள்ளாவது வாள் என்று ஒரு தடவை எழுதிவிடுங்கோ.

நா. ஐயாவின் எத்து எனக்கும் தெரியும். ஆனால் எத்துதல் என்றால் ஏமாற்றுதலும்தானே, எத்தன் என்கிறோமே. செய்தித்தாளில் கிக்பேக் என்றால் ஒப்பந்தத்தில் கைமாறும் கையூட்டு. இரண்டு பக்கமும் மோசடி வாசனை வருகிறது.

நா. (வெள்ளி மாலை)

எத்தன் வேறு, எற்று வேறு. ஏமாற்றும் எத்தில் றகரம் கிடையாது. குறளில் 'எற்றென்று இரங்குவ செய்யற்க' என்று வருவதும் இந்த எற்று அல்ல. அது 'எத்தன்மைத்து' என்ற வினாப்பொருள். வடிவம் ஒன்றாக இருப்பதால் வேர் ஒன்றாகிவிடாது. இதைத் தெளிவுபடுத்தாமல் மேலே போகக்கூடாது என்பதால் எழுதுகிறேன்.

உதையை நான் தள்ளுவதற்கும் காரணம் உண்டு. உந்து, உதை, உதறு, உதிர் எல்லாம் முன்னோக்கித் தள்ளும் கருத்தில் பிறந்தவை என்பது என் துணிபு. பழம்பாடல்களில் அம்பை உதைத்தல் என்றால் எய்தல். தன்னை விட்டு வெளியே போவதுதான் உதை. திரும்பி வருவதற்கு அது பொருந்தாது.

மு. (வெள்ளி இரவு)

ஐயா, கட்டையும் வட்டை விட்டு வெளியேதானே போகிறது. வட்டு எய்கிறது, நாம் எதிரில் நிற்கிறோம். உங்கள் விளக்கமே உதைக்குத்தான் சாட்சி சொல்கிறது.

ஆனால் தச்சு வேலையில் எனக்கு உதையோடு வேறு தகராறு. சுவருக்கோ சாரத்துக்கோ முட்டுக் கொடுக்கும் சாய்மரம் உதைகால். 'உதை கொடு' என்றால் முட்டுக் கொடு என்று அர்த்தம். தாங்குவதற்கும் தாக்குவதற்கும் ஒரே சொல்லா என்று கேட்பார்கள்.

வே. தம்பிக்கு: மூன்று சொல் வேண்டாம். நடப்பது ஒன்றுதான். வட்டு சிக்கிவிடுகிறது, ஆனால் அதன் வேகம் எங்காவது போயாகவேண்டும். எது லேசோ, எது பிடிப்பில்லாமல் இருக்கிறதோ, அது எகிறும். மேசை ரம்பம் கனம், கட்டை லேசு, அதனால் கட்டை பறக்கும். கிரைண்டரில் இரும்பு வைஸில் கிடக்கிறது, மிஷின்தான் நம் கையில் லேசாக இருக்கிறது, அதனால் மிஷின் பறக்கும். டிரில்லில் பிட் நின்றுவிடும், மிஷினின் உடம்பு எதிர்ப்பக்கம் சுற்றும். இதை ஒரே பாடமாகச் சொன்னால்தான் பையனுக்குப் புதிய மிஷினைப் பார்த்தாலும் புத்தி வேலை செய்யும். நான்கு அங்குலக் கிரைண்டரில் காப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு மரம் அறுக்கும் பல் வட்டை மாட்டுகிறார்களே, அந்தப் பழக்கம் எவ்வளவு கெட்டது என்பதும் அப்போதுதான் விளங்கும். நிமிடத்துக்கு 11,000 சுற்றில் பல் மரத்தில் மாட்டினால், லேசாக இருப்பது அந்த மிஷினும் நம் விரலும்தான்.

வே. (சனி காலை)

'எது லேசோ அது எகிறும்' — என் மூன்று சொற்களைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பள்ளிப் பாடத்தில் நியூட்டனின் மூன்றாம் விதிக்கு எதிர்விசை என்று படிக்கிறோம். அந்த எதிர் இங்கே உதவும். எதிருதை. 'பின்' போல யாருக்குப் பின் என்ற குழப்பம் இல்லை, விசைக்கு எதிர், ஆளுக்கும் எதிர்.

கிரைண்டர் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் கிரைண்டர் என்றால் பாதிப் பேருக்கு இட்லி மாவுதான் நினைவுக்கு வரும். கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு. கையேட்டில் அராவி என்று போடலாமா?

நா. (சனி காலை)

அராவி மிக நன்று. 'அரம்பொருத பொன்போலத் தேயும்' என்பது 888ஆம் குறள். அரம், அராவுதல்...

ச. (சனி மதியம்)

மன்னிக்கவும், கிரைண்டரை இப்போது தொடவேண்டாம். மாணவர்கள் ஏஜி ஃபோர், கட்டிங் மிஷின் என்கிறார்கள். நான் கைக் கிரைண்டர் என்று விட்டுவிட்டேன், அப்படியே இருக்கட்டும். ரிவிங் நைஃப் பற்றி இன்னும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மு. (சனி மாலை)

அதற்குப் பெயர் நம்மிடமே இருக்கிறது. பெரிய மரத்தைக் கையால் அறுக்கிற காலத்தில், அறுத்த சந்து மூடிக்கொள்ளாமல் பின்னாலேயே ஆப்பு அடித்துக்கொண்டு போவார்கள். ஆப்பைப் பிடுங்கிய குரங்கின் கதி என்ன ஆயிற்று என்பது எல்லோருக்கும் தெரியும். இந்தத் தகடு செய்வதும் அதே வேலைதான், வட்டோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஆப்பு. பல் 3.2 மில்லிமீட்டர் சந்து போட்டு, வட்டின் உடம்பு 2.2 என்றால், தகடு இரண்டுக்கும் நடுவில் இருக்கவேண்டும். சந்தைவிடத் தடித்தால் கட்டை நகராது, உடம்பைவிட மெலிந்தால் சந்து மூடிவிடும். ஆப்புத்தகடு என்று எழுதுங்கள்.

இ. (சனி மாலை)

ஆப்புத்தகடு அருமை. முழுச் சம்மதம்.

நா. (சனி இரவு)

ஆப்புத்தகடு ஏற்புடையது. இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

வே. (சனி இரவு)

நானும் ஆமோதிக்கிறேன். 1916இல் சேலத்தில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் அறிவியல் தமிழ்ச் சொல்லுக்கென்றே ஒரு சங்கம் கூட்டி இதழும் நடத்தினார்கள். அன்று முதல் இன்று வரை கேள்வி ஒன்றுதான்: சொல்லைப் படித்தவன் ஆக்குவதா, புழங்குகிறவன் ஆக்குவதா? ஆப்புத்தகட்டில் இரண்டு பேரும் ஒரே இடத்தில் வந்து நிற்பது மகிழ்ச்சி.

ச. (ஞாயிறு மாலை)

எல்லோருக்கும் நன்றி. இரவுக்குள் அனுப்பியாகவேண்டும், ஆகவே முடிவு செய்துவிட்டேன்.

ஆப்புத்தகடு அப்படியே போகிறது. கலைச்சொல் பட்டியலிலும் பாடத் தலைப்பிலும் எதிருதை. வே., இ. இருவரும் சரி என்றார்கள், தனிமடலில் இன்னும் சிலரும். எச்சரிக்கைப் பலகைகளில் பெயர்ச்சொல்லே வேண்டாம் என்று நினைக்கிறேன். 'கட்டை எகிறி அடிக்கும். வட்டுக்கு நேராக நிற்காதே, பக்கவாட்டில் நில்' என்று வினையாகவே எழுதியிருக்கிறேன். முதல் பக்கத்தில் ரம்பத்துக்குப் பக்கத்தில் வாள் என்றும் சேர்த்தாயிற்று.

நா. (ஞாயிறு இரவு)

எதிருதை என்று சேர்த்து எழுதினால் மாணவன் 'எதி ருதை' என்று படிப்பான். பிரித்து எழுதினால் அது ஒரு சொல்லாக நில்லாது. பின்னெற்றில் இந்த இடர் இல்லை. பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், உடன்பாடு இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன். எற்று பற்றி விரிவாக ஒரு கட்டுரை எழுதிக் குழுவுக்கு அனுப்புவேன்.

மு. (ஞாயிறு இரவு)

எனக்கும் எதிருதை ஒட்டவில்லை அக்கா, பட்டறையில் யாரும் சொல்லப்போவதில்லை. பலகையில் 'எகிறி அடிக்கும்' என்று போட்டது போதும், அதுவே பாதிப் பேர் கையைக் காப்பாற்றும்.

நீங்கள் அனுப்பிய பக்கத்தில் 14ஆம் படத்தைப் பாருங்கள். வட்டின் பின்பக்கத்தில் அம்புக்குறி கீழ்நோக்கிப் போட்டிருக்கிறது. பின்பற்கள் மேலே ஏறுபவை, அதனால்தான் கட்டையே எழும்புகிறது. அச்சகத்துக்குப் போகும் முன் அதை மாற்றிவிடுங்கள்.