மறு: ‘முதன்மை நிர்ப்பீடனக் குறைபாடு’ சரிவருமா?

குழும உறவுகளுக்கு வணக்கம். ‘பிரைமரி இமியூனோடிஃபிஷன்சி’க்கு, அதாவது உடம்பின் நோயெதிர்ப்பு ஆற்றல் (நிர்ப்பீடனம்) பிறவியிலேயே பழுதுபட்டிருக்கும் நோய்களுக்கு, தமிழ்ப் பெயர் தேடும் நம் பேச்சின் தொடர்ச்சி இது.

> முதன்மை நிர்ப்பீடனக் குறைபாடு என்பதே பாடநூலோடு ஒத்துப்போகிறது. அதையே வைத்துக்கொள்ளலாம்.

ஐயா, எனக்கு இதில் உடன்பாடில்லை. கண்டிப் பக்கம் ஒரு பிள்ளைகள் கிளினிக்கில் டொக்டர்மார் சிங்களத்தில் சொல்வதைத் தோட்டத்துத் தாய்மாருக்குத் தமிழில் எடுத்துச் சொல்வது என் வேலை. இந்தச் சொல் அவர்கள் காதில் எப்படி விழுகிறது என்பதை அன்றாடம் பார்க்கிறேன்.

‘முதன்மை’ என்றதும், “ஆரம்பந்தானே, மருந்து குடுத்தா சரியாகிடும்ல?” என்று முகம் தெளிந்துவிடும். ‘குறைபாடு’ அதைவிடக் கொடியது. மலையகத்தில் அந்தச் சொல்லுக்கு முன்னால் எப்போதும் நிற்பது இரத்தம் அல்லது போசாக்கு. கூட வந்த மாமியார் உடனே மருமகளைத் திரும்பிப் பார்ப்பார். ஒரு தாய் கிளினிக் கொப்பியை விரித்து, நிறை எழுதிய பக்கத்தில் விரலை வைத்து, “திரிபோஷா ஒரு நாளும் நிப்பாட்டலையேங்க” என்று, கிளினிக்கில் கொடுக்கும் சத்துமாவைச் சொல்லி அழுதார். அந்தப் பிள்ளைக்கு வந்திருந்தது சாப்பாட்டால் வந்ததே அல்ல. இன்னொன்று: ‘நிர்ப்பீடனக் குறைபாடு’ என்று சேர்த்துச் சொன்னால், பள்ளிக்கூடம் போன இளம் தாய்மாருக்கு நினைவு வருவது எயிட்ஸ் பாடம்.

துறையே பழைய பெயரைத் தாண்டிவிட்டது. 1952இல் ஒக்டன் புரூட்டன், திரும்பத் திரும்ப நோய்த்தொற்று வந்த 8 வயதுச் சிறுவனின் இரத்தத்தில் காமா குளோபியூலின் என்ற நோயெதிர்ப்புப் புரதம் இல்லை என்று கண்டறிந்தார். அது குறைதான். அதற்குக் காரணமான பரம்பரையலகு (ஜீன்) 1993இல் பிடிபட்டது. இன்று இந்த வகையில் 450க்கும் மேற்பட்ட நோய்கள் உள்ளன. அவற்றில் சிலவற்றில் நிர்ப்பீடனம் குறைவதில்லை. கட்டுமீறி எரிந்து சொந்த உடம்பையே தாக்குகிறது. அதனால்தான் சர்வதேச வகைப்படுத்தல் குழு ‘இன்போர்ன் எரர்ஸ் ஒஃப் இமியூனிட்டி’ (நிர்ப்பீடனத்தில் பிறவியிலேயே உள்ள தவறுகள்) என்ற பெயருக்கு மாறியது. ஆர்ச்சிபால்ட் கரொட் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1908இல் அனுசேப (உடம்பின் இரசாயன மாற்றம் சார்ந்த) நோய்களுக்குச் சொன்ன பெயரின் வழி வந்தது அது.

ஆகவே என் முன்மொழிவு: பிறவி நிர்ப்பீடன வழு.

> வழு யாருக்கும் விளங்காது. பரம்பரை நிர்ப்பீடனப் பிழை என்றால் என்ன?

தங்கச்சி, ‘பிழை’ என்றால் யார் செய்த பிழை என்ற கேள்வி கூடவே வரும். தாய்தான் பதில் சொல்லி நிற்பாள். வழு நம் இலக்கணத்திலும் இருக்கிறது, விஞ்ஞானப் பாடத்தில் அளவீட்டு வழுவாகவும் இருக்கிறது. யார் மேலும் பழி போடாத சொல்.

‘பரம்பரை’ வேண்டவே வேண்டாம். “எங்க பரம்பரையில யாருக்குமே இப்படி இல்லைங்க” என்பதுதான் நான் அதிகம் கேட்கும் பதில். அது உண்மையும்கூட. மாமன் மகளை, அத்தை மகனைக் கட்டுவது நம்மிடம் வழக்கம். சில வேளை இருவரும் ஒரே பின்னிடைவான (இரு பிரதி சேர்ந்தால் மட்டுமே நோய் தரும்) பரம்பரையலகை ஆளுக்கொரு பிரதியாகச் சுமந்துகொண்டு சுகமாகவே இருப்பார்கள். அப்படியானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 4இல் 1 என்ற வாய்ப்பில் நோய் வரும். (அல்கப்ரனூரியா என்ற அனுசேப நோய் வந்தவர்களில் பலரின் பெற்றோர் இப்படி நெருங்கிய உறவினர் என்பதைக் கரொட் 1902லேயே கவனித்திருக்கிறார்.) ‘பரம்பரை நோய்’ என்ற பெயர் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பரவிவிட்டால், அந்த வீட்டு அக்காமாரின் கலியாணமும் தடைப்படும். ‘பிறவி’ என்பதில் அந்தக் கறை இல்லை. நோய் பிந்தி வெளிப்படுவதும் உண்டே என்று கேட்கலாம். தாயிடமிருந்து வந்த பிறபொருளெதிரிகள் (கிருமியை எதிர்க்கும் புரதங்கள்) சில மாதம் காப்பாற்றும், அதன் பிறகுதான் காய்ச்சலும் நிமோனியாவும் தொடங்கும். ஆனால் வழு பிறக்கும்போதே இருக்கிறது.

இதற்கு இவ்வளவு மல்லுக்கட்டக் காரணம் உண்டு. நம் நாட்டில் பிறந்த கையோடு பீசீஜீ என்ற காசநோய்த் தடுப்பூசி போடுகிறார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு அது நல்லது. ரீ கலங்கள் (கிருமியை எதிர்க்கும் ஒருவகை வெண்குருதிக் கலங்கள்) இல்லாமல் பிறந்த குழந்தைக்கு, ஊசியிலுள்ள உயிருள்ள கிருமியே உடம்பெங்கும் பரவிவிடும். முதல் பிள்ளை சில மாதத்திலேயே தவறியிருந்தால், அடுத்த பிரசவத்தில் ஊசிக்கு முன்பே தாய் அதைச் சொல்லியாக வேண்டும். தன் சாப்பாட்டுக் குறையால் போன பிள்ளை என்று நம்பியிருப்பவள் சொல்லவே மாட்டாள்.

குறை என்ற சொல்லை முழுதாகத் தள்ளவில்லை. உட்பிரிவுகளில் அது சரியாகவே பொருந்தும்: பிறபொருளெதிரிக் குறை, விழுங்கிக் குழியக் (கிருமியை விழுங்கும் கலம்) குறை. தலைப்புச் சொல்லுக்கு மட்டும் வழு.

இன்னும் ஒன்று தீரவில்லை. ரீ கலம், பீ கலம் (பிறபொருளெதிரி உண்டாக்குவது) இரண்டும் சேர்ந்து பாதிக்கப்படும் கடும் வகைக்கு ‘கடுங்கூட்டு நிர்ப்பீடனக் குறை’ என்று எழுதிப் பார்த்தேன். ‘கூட்டு’ என்றால் நம் பக்கம் கறி நினைவு வருகிறது. ‘இணை’ சரிவருமா, ‘ஒருங்கு’ சரிவருமா? யாழ்ப்பாணத்து, மட்டக்களப்பு நண்பர்களும் சொல்லுங்கள்.