மேலவீடு (குடும்பம் மட்டும்)

காலை 5:48

பெரியம்மா: ராத்திரிக் காற்றில் வேம்புக் கிளை முறிந்துவிட்டது. தெற்கு வீட்டு மாட்டுக் கொட்டகை மேல் விழுந்து கிடக்கு

பெரியம்மா: [படம்]

ராணி அத்தை: ஐயோ அண்ணி. மாடு?

பெரியம்மா: மாட்டுக்கு ஒன்றும் இல்லை. ஷீட் இரண்டு போச்சு

அப்பா: அண்ணன் எங்கே

பெரியம்மா: அங்கேதான் நிற்கிறார். அவர்கள் கத்துகிறார்கள், இவர் கேட்டுக்கொண்டு நிற்கிறார்

சித்தி: [படம்] இனிய காலை வணக்கம். இன்றைய நாள் எல்லோருக்கும் இனிதாக அமையட்டும் 🌺

கவிதா அக்கா: சித்தி, மேலே பாருங்க

சித்தி: ஐயோ இப்போதுதான் பார்த்தேன். மாடு?

காலை 6:31

பெரியப்பா: கோட்டாட்சியரிடம் மனு கொடுப்பாராம். போன மாதம் நம்மிடம்தான் விதைநெல் வாங்கிக்கொண்டு போனார்

சித்தப்பா: கொடுக்கட்டும் அண்ணே. நம் வீட்டு மரம், நம் பட்டா. அவர் என்ன செய்வார்

முரளி அத்தான்: சின்ன மாமா, அதை அப்படி விட்டுவிட முடியாது. விழும் நிலையில் இருக்கும் மரத்தால் அக்கம்பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஆபத்து என்று தெரிந்தால், மரத்தை அகற்று, இல்லையென்றால் முட்டுக் கொடு என்று உத்தரவு போடக் கோட்டாட்சியருக்கு அதிகாரம் இருக்கிறது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133-வது பிரிவு. 2024 ஜூலையில் புதுச் சட்டம் வந்த பிறகு 152-வது பிரிவு. மரம் நம் பட்டாவில் இருக்கிறதா என்பது அங்கே கேள்வியே இல்லை. அவருக்கு விவரம் தெரிந்த யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மனு போவதற்குள் நாமே ஷீட் வாங்கிப் போட்டுவிட்டு, மரத்துக்கு என்ன செய்யப்போகிறோம் என்று ஒரு தேதியும் சொல்லிவிடுவது நல்லது.

செந்தில் அண்ணன்: அத்தான் சுருக்கமா

முரளி அத்தான்: சுருக்கமாகத்தான் சொன்னேன்.

செந்தில் அண்ணன்: 🙏

பெரியப்பா: கஜாவில் கொல்லைத் தென்னை ஒன்று பாக்கியில்லாமல் சாய்ந்தது. இந்த மரம் நின்றது. இப்போது ஒரு கிளை விழுந்ததற்கு வெட்டச் சொல்கிறீர்களா

ராணி அத்தை: தென்னை பற்றி நான் எதுவும் பேசவில்லை

அப்பா: உன்னை யாரும் கேட்கலையே ராணி

ராணி அத்தை: புயல் நிவாரணம் மரத்துக்கு 1,100 கொடுத்தார்கள். கொல்லை அப்பா பெயரில் இருந்தது. சும்மா ஞாபகம் வந்தது

பெரியப்பா: 600 மரத்துக்கு. 500 வெட்டி அப்புறப்படுத்த. அந்த 500 ஜேசிபிக்காரனுக்கே பத்தவில்லை. நோட்டு பீரோவில் இருக்கு. ஒரத்தநாட்டிலிருந்து பஸ் ஓடுகிறது, வந்து பார்த்துக்கொள்

கவிதா அக்கா: அப்பா விடுங்க. மரத்தைப் பேசுவோம்

முரளி அத்தான்: மாமா சொல்வது சரி, 2018 நவம்பர் 16 விடியற்காலையில் அது சாயவில்லை. ஆனால் தலை முழுக்கப் போய்விட்டது, அதையும் நாம் பார்த்தோம். அன்று முறிந்த மொட்டைகளின் நுனியிலிருந்து கொத்துக்கொத்தாகத் துளிர்த்து வந்தவைதான் இப்போது தொடைப் பருமனில் நிற்கும் கிளைகள். தானாக வளரும் கிளை, தண்டின் உள்மரத்தோடு வருஷா வருஷம் பின்னிக்கொண்டே வளரும். இப்படி மொட்டையில் துளிர்த்தது மேலே பட்டையை ஒட்டி மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். அதற்குக் கீழே இருக்கும் மொட்டையோ மழைத்தண்ணீர் இறங்கி உளுத்துக்கொண்டே வரும். மேலே எடை கூடுகிறது, கீழே பிடி குறைகிறது. அத்தை அனுப்பிய படத்தில் முறிந்த இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஓரம் வெள்ளை, நடுவில் கறுப்பு.

பெரியம்மா: ஆமாம் மாப்பிள்ளை. கையில் எடுத்தேன், ஈரத் தவிடு மாதிரி உதிர்கிறது. உள்ளே கட்டெறும்பு வேறு

கார்த்தி: அப்போ மற்ற கிளைகளும் இப்படித்தான் இருக்குமா அத்தான்

முரளி அத்தான்: அதுதான் என் பயம். ஐப்பசியே முடியவில்லை. கார்த்திகைக் காற்று இன்னும் பாக்கி இருக்கிறது.

செந்தில் அண்ணன்: காதுகுத்துப் பந்தல் அதுக்கு அடியிலதானே போடறதா இருந்தது

கவிதா அக்கா: 😳

ராணி அத்தை: [அனுப்பப்பட்ட செய்தி] வீட்டில் வேம்பு இருந்தால் 24 மணி நேரமும் ஆக்சிஜன் கிடைக்கும். 100 பேருக்கு அனுப்பவும்

முரளி அத்தான்: சின்னம்மா தவறாக நினைக்க வேண்டாம். எந்த மரமும் இருட்டில் ஆக்சிஜன் தராது. வெளிச்சம் இருந்தால்தான். ராத்திரியில் அதுவும் நம்மைப் போலத்தான் மூச்சு விடும்.

ராணி அத்தை: சரிங்க மாப்பிள்ளை. எங்களுக்கு என்ன தெரியும்

அப்பா: ஆரம்பிச்சாச்சு

காலை 8:05

முரளி அத்தான்: மாமா, ஒரு உதவி. மரத்தின் அடியைச் சுற்றி வந்து பாருங்கள். சாய்ந்திருக்கும் திசைக்கு எதிர்ப்பக்கத்தில் மண் வெடித்தோ மேலே தூக்கியோ இருக்கிறதா? அடித்தண்டில் தட்டுத்தட்டாகக் காளான் பூத்திருக்கிறதா? அப்புறம் சுத்தியலின் கட்டைப்பக்கத்தால் தண்டைச் சுற்றி ஒவ்வொரு இடமாகத் தட்டி, சத்தம் எங்கே மாறுகிறது என்று கேட்டுச் சொல்லுங்கள்.

பெரியப்பா: தட்டினேன்

முரளி அத்தான்: என்ன சத்தம் மாமா?

பெரியப்பா: தட்டுகிற சத்தம்

செந்தில் அண்ணன்: 😂😂

பெரியம்மா: நான் தட்டினேன் மாப்பிள்ளை. மேற்குப் பக்கம் முழங்கால் உயரத்தில் டொப் டொப் என்கிறது. மற்ற இடத்தில் கெட்டியாக இருக்கு. மேற்கே மண் கொஞ்சம் தூக்கித்தான் இருக்கு, நான் எலி வளை என்று நினைத்தேன்

முரளி அத்தான்: மரம் கிழக்கே, வீட்டுப் பக்கம்தானே சாய்ந்திருக்கிறது? அப்படியென்றால் அதை இழுத்துப் பிடித்து நிறுத்துவது மேற்கு வேர்கள்தான். அந்தப் பக்கம் வேர் எப்படி இருக்கிறது?

பெரியம்மா: அந்தப் பக்கம் செப்டிக் டேங்க்

கார்த்தி: ஓ

அப்பா: தோண்டும்போது கை பருமன் வேர் இரண்டு மூன்றை வெட்டிப் போட்டார்கள். நான் அன்றைக்கு அங்கே இருந்தேன்

ராணி அத்தை: கஜாவே அசைக்காத மரம். அட்டாச்டு பாத்ரூம் அசைத்துவிட்டது

சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ராணி அத்தை: நான் படித்துவிட்டேன் தம்பி

சித்தி: நான் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன் அக்கா. வயதானவர்களுக்கு வசதியாக இருக்கும் என்றுதான் கட்டினோம். இன்றைக்கு அதை யார் உபயோகிக்கிறார்கள் என்று கேளுங்கள்

பெரியம்மா: எல்லோரும்தான்

முரளி அத்தான்: யார் தப்பும் இல்லை. எல்லா வீட்டிலும் இதுதான் நடக்கிறது. மரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு ஆழம் வேர் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, மேலே தெரியும் வேரை வெட்டினால் ஒன்றும் ஆகாது என்கிறோம். உண்மையில் பெரும்பாலான வேர் மேல்மண்ணில் இரண்டு மூன்று அடிக்குள்ளேயே, கிளை விரிப்பையும் தாண்டிப் படுத்துக் கிடக்கும். தண்டுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம் தோண்டினாலே அந்தப் பக்கத்துப் பிடி மொத்தமும் போய்விடும். மரம் உடனே விழாது, அதனால் நாமும் மறந்துவிடுவோம். வெட்டுப்பட்ட இடத்தில் உளுக்கத் தொடங்கி, தண்டுக்கு ஏறி, சில வருஷம் கழித்துச் சாதாரணக் காற்றில் சாயும். அப்போது மரத்தைத் திட்டுவோம்.

சித்தப்பா: வர்தா சமயத்தில் (2016 டிசம்பர் 12) எங்கள் தெருவில் மயில்கொன்றை எல்லாம் வரிசையாக விழுந்தது. வேம்பு நின்றது. பிளாட்பாரத்துக்கு வேரை வெட்டியிருந்த இடத்தில் மட்டும் வேம்பும் விழுந்தது. மாப்பிள்ளை சொல்வது சரிதான்

ராணி அத்தை: இப்போது சரியா

காலை 10:20

பெரியப்பா: மன்னார்குடி விறகுக்கடைக்காரர் வந்து பார்த்தார். மரத்தை முழுசாக எடுத்துக்கொண்டால் வெட்டுக்கூலி வேண்டாமாம். மேலே கொஞ்சம் தருகிறேன் என்கிறார்

செந்தில் அண்ணன்: கொஞ்சம்னா

பெரியப்பா: கொஞ்சம்

ராணி அத்தை: அடித்தண்டு எனக்கு வேண்டும் அண்ணே. எங்கள் மாடிக்கு நிலை செய்ய. நான் கேட்டு வாங்கியதே இல்லை இந்த வீட்டிலிருந்து

அப்பா: உள்ளே டொப் டொப் என்கிறது. அதில் நிலை செய்தால் கதவோடு உள்ளே வந்துவிடும்

முரளி அத்தான்: மாமா, ஒரு நாளில் மொத்தமாக வெட்டவும் அவசரப்பட வேண்டாம். நம்முடையது களிமண். கோடையில் அப்பாயி அறையின் ஜன்னல் மூலையிலிருந்து குறுக்காக விரிசல் விடுகிறதே, மழை பெய்ததும் சேர்ந்துகொள்கிறதே, அது மரம் தண்ணீரை உறிஞ்சுவதால் மண் சுருங்கி விரிவது. மரத்தை ஒரேயடியாக எடுத்துவிட்டால் இத்தனை வருஷம் சுருங்கியிருந்த மண் மழைத்தண்ணீரைக் குடித்து ஊதும். தரை தூக்கும், கதவு பிடிக்கும். என் யோசனை: இப்போது ஆள் ஏறி, கஜாவுக்குப் பிறகு வந்த கொத்துக் கிளைகளில் வீட்டுப் பக்கமும் தெற்குப் பக்கமும் இருப்பவற்றை மட்டும் கயிறு கட்டி இறக்க வேண்டும். மறுபடி மொட்டை அடிக்கக் கூடாது, அடித்தால் இதே கதை திரும்ப வரும். முழு மரத்தையும் தை கழிந்து பார்த்துக்கொள்ளலாம். அது நிற்கும் என்று நான் உத்தரவாதம் சொல்லவில்லை. மேற்கே வேர் இல்லாத மரம். எடையைக் குறைத்தால் இந்த மழைக்காலத்தைத் தாண்டும் வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். அதுவரை யாரும் மேற்கு அறையில் படுக்க வேண்டாம்.

செந்தில் அண்ணன்: அப்பாயி அங்கதானே படுக்குது

ராணி அத்தை: அம்மா ஒத்துக்கொள்ளாது. மஞ்சள் துணி கட்டிக் கும்பிட்ட மரம். அம்மா உயிரோடு இருக்கும்வரை அதில் கோடாலி வைக்கக் கூடாது

பெரியப்பா: அதைத்தான் நானும் காலையிலிருந்து சொல்கிறேன்

அப்பா: அம்மா மனசு உடைந்துவிடும்

கவிதா அக்கா: அப்பாயிடம் யாராவது கேட்டீங்களா

காலை 10:52

கவிதா அக்கா: ஹலோ

பெரியம்மா: கேட்டேன். “வெட்டச் சொல்லு. அதுக்கு அடியில ராத்திரி படுத்திருக்கிறது நானா அவனுங்களா” என்கிறது

செந்தில் அண்ணன்: 😂😂😂

கார்த்தி: அப்பாயி 🔥

பெரியம்மா: செவ்வாய், வெள்ளி வேண்டாமாம். வெட்டுவதற்கு முன் சூடம் காட்டிச் சொல்லிவிட்டு வெட்ட வேண்டுமாம். மேலே அணில் கூடு இருக்கா என்று ஏறுகிறவன் பார்க்க வேண்டுமாம். அப்புறம் அறை மாற மாட்டேன் என்கிறது. பாத்ரூம் பக்கம் அதுதானாம்

சித்தி: 🙂

பெரியம்மா: நானும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். மாசியில் சருகு கொட்டும்போது தினம் இரண்டு வேளை கூட்டுவது நான். மொட்டைமாடிக் குழாயில் அடைத்தால் ஏறி எடுப்பதும் நான். என்னை யாரும் கேட்கவில்லை

கவிதா அக்கா: சொல்லுங்க அம்மா

பெரியம்மா: சொல்லிவிட்டேன்

கார்த்தி: பெரியம்மா அனுப்பின படத்துல பாத்ரூம் சன்ஷேடு மேல ஒரு செடி இருக்கு பாருங்க. அரசா?

முரளி அத்தான்: அரசேதான். பறவை எச்சத்தில் விழுந்த விதை. வேம்பை விட அந்தச் சுவருக்கு இதுதான் எமன். சும்மா பிடித்து இழுத்தால் மேலே மட்டும் அறும், வேர் உள்ளே இருந்து திரும்பத் துளிர்க்கும். பூச்சைக் கொத்தி, வேரோடு எடுத்து, உடனே சிமென்ட் வைத்து அடைக்க வேண்டும்.

ராணி அத்தை: அரசைப் பிடுங்கினால் பாவம். வேறு சாதிக்காரர் யாரையாவது விட்டு

கார்த்தி: அத்தை இந்தப் பேச்சு வேண்டாம்

கவிதா அக்கா: 👆

செந்தில் அண்ணன்: நான் லீவுல வரும்போது நானே பிடுங்கறேன். பாவம் துபாய்க்குப் போகட்டும்

மதியம் 1:15

பெரியப்பா: இன்னொன்று. கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்தார். தண்டு நம் பட்டாவில் பாதி, வண்டிப்பாதையில் பாதி நிற்கிற மாதிரி இருக்கிறதாம். புலப்படம் எடுத்து அளந்தால்தான் தெரியும் என்கிறார்

சித்தப்பா: வண்டிப்பாதை என்றால் புறம்போக்கு ஆயிற்றே

முரளி அத்தான்: அப்படியென்றால் தண்டில் கை வைக்க முன்அனுமதி வேண்டும், தாலுகா அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். விறகுக்கடைக்காரரிடம் முன்பணம் எதுவும் வாங்கிவிடாதீர்கள் மாமா.

பெரியப்பா: கொஞ்சம் வாங்கிவிட்டேன்

ராணி அத்தை: எவ்வளவு

பெரியப்பா: கொஞ்சம்

அப்பா: அண்ணே திருப்பிக் கொடுத்துடுங்க. முதலில் கிளை. மரம் ஏறுகிற ஆள் யாரையாவது பாருங்கள்

முரளி அத்தான்: சர்வீஸ் ஒயர் கிளைக்குள் புகுந்து போகிறது. லைன்மேனிடம் சொல்லி இணைப்பை நிறுத்திய பிறகுதான் ஆள் ஏற வேண்டும். ஈரக்கிளை ஒயரில் பட்டால் கீழே கயிறு பிடிப்பவனுக்கும் ஆபத்து.

பெரியப்பா: மரம் ஏறுகிறவன் போன் எடுக்கவில்லை. திங்கள் பார்க்கலாம்

பெரியம்மா: திங்கள் அமாவாசை

செந்தில் அண்ணன்: புதன்?

பெரியப்பா: பார்ப்போம்

சித்தப்பா: ஷீட்டுக்கு நான் பணம் போடுகிறேன். எத்தனை அடி ஷீட் என்று யாராவது சொல்லுங்கள்

அப்பா: பாதி நான்

ராணி அத்தை: நான் அடித்தண்டு கேட்டது ஞாபகம் இருக்கட்டும்

முரளி அத்தான்: பந்தலை கிழக்கு வாசலில் போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். மரத்தின் உயரத்தை விட ஒன்றரை மடங்கு தள்ளி

செந்தில் அண்ணன்: அத்தான் அது ரோட்டுக்குப் போயிடும்

மாலை 6:40

செந்தில் அண்ணன்: [படம்] காதுகுத்துப் பத்திரிகை வந்தாச்சு. அச்சுக்குப் போகும் முன் எல்லோரும் ஒருமுறை பார்த்துடுங்க

சித்தி: அழகாக இருக்கு 😍

கார்த்தி: சூப்பர்ணே

அப்பா: தேதிக்குக் கீழே கிழமை தப்பு

ராணி அத்தை: என் பெயர் எங்கே

ராணி அத்தை: செந்தில்

ராணி அத்தை: அண்ணே, போனை எடுங்கள்